முன்னால் வரும் 'இல்லை'

அந்த வளாகத்தில் அவளை எல்லோரும் கிரேன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்த கொத்தனார்களும் அப்படித்தான். தலைக்கு மேலே டன் கணக்கில் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறவளிடம் யார் வயதுக் கணக்குப் பார்ப்பார்கள்? காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் கீழே இறங்குவாள். அதுவரைக்கும் அந்தரத்தில் ஒரு கண்ணாடிக் கேபின், இரண்டு கைக்கும் இரண்டு நெம்புகோல், எதிரே கொக்கியில் எவ்வளவு எடை இருக்கிறது என்று காட்டும் சின்னத் திரை, காதருகே கரகரக்கும் வாக்கி-டாக்கி.

வாக்கியின் மறுமுனையில் இருந்தது அவள் புருஷன். வாக்கி வருவதற்கு முந்தைய காலத்தில் விசில் ஊதி சைகை காட்டியதால் அவருக்கு 'விசில்' என்றே பேர் நிலைத்துவிட்டது. கட்டி முடிந்த மாடிகளுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது மேலே இருப்பவளுக்குத் தெரியாது. அங்கே விசில்தான் அவளுக்குக் கண். அவருக்குப் பக்கத்தில், முட்டுக்கம்பிகளை நட்டு போல்ட் முடுக்குகிறவன் அவளுடைய சொந்தத் தம்பி. மூன்று பிள்ளைகளுக்கு அப்பன், வாயாடி. அவனுக்கு அங்கே 'போல்ட்' என்று பேர். அக்கா மேலே, மாமா கீழே, மச்சான் பக்கத்திலே. "இது கம்பெனியா, உங்க வீட்டுக் கல்யாணமா?" என்று மற்றவர்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

வருஷக்கணக்காக வாக்கியில் தமிழ்தான் ஓடியது. காங்கிரீட் சுவர்ப்பலகையை அவள் மெல்ல இறக்கி நிறுத்துவாள். போல்ட் முட்டுக்கம்பிகளைச் சாய்த்து வைத்துத் தரையில் முடுக்குவான். விசில் ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "நின்னுடுச்சு, விடு" என்பார். அவள் கயிற்றைத் தளர்த்துவாள். சரியில்லை என்றால், "நிக்கலை, விடாதே" என்பார். அவள் பிடித்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான்.

பிறகு கம்பெனி கைமாறியது. புது மேனேஜர் வந்தார். தமிழ் தெரியாதவர், நல்ல மனுஷர், ஆனால் எதிலும் கறார். வேலையாட்களில் நாலைந்து பாஷைக்காரர்கள் இருந்ததால், ஆளாளுக்கு ஒரு பாஷையில் கத்தினால் ஒருநாள் யாராவது சாவார்கள் என்றார். அது நியாயம்தான். இனி வாக்கியில் இங்கிலீஷ் மட்டும், ஒரு சொல், ஒரே தடவை, வளவளப்பு கூடாது. புது வாக்கிகளும் வந்தன. வேலை முடிந்தபின் கேன்டீனில் வாரம் இரண்டு நாள் வகுப்பு. ஆபீஸில் கணக்கு எழுதும் பெண்தான் டீச்சர்.

சேஃப், லோட், ஸ்டேபிள் எல்லாம் சுலபமாக உள்ளே போய்விட்டன. சிக்கல் வந்தது அவற்றைத் திருப்பிப்போடும்போதுதான். சேஃப் என்றால் அன்சேஃப். கரெக்ட் என்றால் இன்கரெக்ட். பாசிபிளுக்கு இம்பாசிபிள், ரெகுலருக்கு இர்ரெகுலர், கனெக்டுக்கு டிஸ்கனெக்ட்.

"ஒரு 'இல்லை'யைச் சொல்றதுக்கு இத்தனை சட்டையா மாத்துவாங்க?" என்று விசில் தலையில் கைவைத்துக்கொண்டார். "அதுவும் முன்னாடியே வந்து நிக்குது. நாம முதல்ல விஷயத்தைச் சொல்லிட்டு அப்புறம்தானே இல்லைங்கிறோம்? இவங்க வாசல்லயே கதவைச் சாத்திடுறாங்க."

"மாமா, அப்போ அங்கிள்னா 'கிள்' இல்லாதவரா?" என்றான் போல்ட். "டிஸ்கவுன்ட்னா எண்ண மாட்டாங்களா?"

டீச்சரே சிரித்துவிட்டாள்.

விசிலுக்கு நாக்கு ஒத்துழைக்கவில்லை. அவசரத்தில் பேசும்போது அந்த முதல் 'அன்'னை விழுங்கிவிடுவார். அன்லாக் என்பது 'ன்லாக்' ஆகும், இன்னும் அவசரம் என்றால் வெறும் 'லாக்' ஆகிவிடும். ஒருநாள் டீச்சர் அவரை எழுப்பி நிறுத்தி 'அன்ஸ்டேபிள்' என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். ஒவ்வொரு தடவையும் தலை போய் உடம்பு மட்டும் வந்தது. கேன்டீனே சிரித்தது. கிரேன் அக்காவும் சிரித்துவிட்டாள்.

விசில் உட்கார்ந்தார். வீடு வரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார்.

"ஊரே சிரிச்சுது, நானும் சிரிச்சேன். அதுக்காக இப்படியா?" என்று கேட்டாள்.

"ஊர் சிரிக்கட்டும். நீ சிரிச்சே பாரு."

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்தது. ஆனால் குளியலறையிலிருந்து சத்தம் வரும். தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே, "அன்... ஸ்டேபிள். அன்... சேஃப்." பிடிவாதத்துக்குப் பேர்போனவர், விடுவாரா? அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நாலு நாளில் கோபம் தணியும், அப்போது ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

அதற்குள் அந்த நாள் வந்துவிட்டது.

காலையிலிருந்தே காற்று சரியில்லை. வேலையை நிறுத்தும் அளவுக்கு இல்லை. ஆனால் தொங்குகிற பலகையை ஒரு பக்கமாகத் தள்ளிப்பார்க்கும் காற்று. பின்கட்டில் சுவர்ப்பலகைகளை நிறுத்த வேண்டும். அவள் கண்ணுக்குத் தெரியாத பக்கம். வெளியே லாரிகள் வரிசையில் நின்றன. மேனேஜர் தன் வாக்கியோடு முன்வாசலில் நின்று ஒவ்வொன்றாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

முதல் பலகை நின்றது. "ஸ்டேபிள்" என்றார் விசில். தளர்த்தினாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பலகையை மாடிக்கு அந்தப் பக்கம் இறக்கினாள். கொக்கி அவள் கண்ணிலிருந்து மறைந்தது. இனிமேல் கயிறு மட்டும்தான் தெரியும். 'லோயர்... லோயர்... ஸ்டாப்' என்று அவர் குரல் வந்தது. பலகை தரையைத் தொட்டுவிட்டது. அவள் எடையை முழுசாக விடாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கீழே தம்பி இந்நேரம் முட்டுக்கம்பியை வைத்து, குனிந்து முடுக்கிக்கொண்டிருப்பான்.

வாக்கி கரகரத்தது.

"ஸ்டேபிள்."

பழக்கதோஷத்தில் இடது கை நெம்புகோலை நகர்த்தியது. கயிறு தளர்ந்தது. திரையில் எடை இறங்க ஆரம்பித்தது. கை நகர்ந்த பிறகுதான் காதில் ஏதோ இடறியது. சொல் சரிதான், குரல் சரியில்லை. 'ஸ்டேபிள்' என்று நல்ல சேதி சொல்லும்போது அவர் குரல் கடைசியில் கீழே இறங்கி உட்காரும். இது மேலே ஏறிக்கொண்டு நின்றது. மகளுக்கு ஜுரம் கண்டு கண் செருகியபோது தெருவிலிருந்து அவளைக் கூப்பிட்டாரே, அந்தக் குரல்.

கையை நிறுத்தினாள்.

திரையைப் பார்த்தாள். இறங்கிக்கொண்டிருந்த எடை நின்றது. பிறகு, அவள் எதையும் தொடாமலே, ஏற ஆரம்பித்தது.

தரையில் ஒழுங்காக நிற்கிற பலகை கயிற்றை இழுக்காது. இது இழுக்கிறது. அப்படியென்றால் எந்தப் பக்கமோ சாய்கிறது. எந்தப் பக்கம்?

"ரிப்பீட்" என்றாள் வாக்கியில்.

உடனே பதில் வந்தது, இன்னும் உச்சத்தில். "ஸ்டேபிள்!"

அவள் வாய் திறப்பதற்குள் மேனேஜரின் குரல் குறுக்கே விழுந்தது. ஸ்டேபிள் என்று சொல்லியாகிவிட்டது, இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது, எதற்குக் காத்திருக்கிறாய், ஸ்லாக், கயிற்றை ஸ்லாக் பண்ணு, லாரி நிற்கிறது. அவர் பேசிக்கொண்டே போனார். ஒருத்தர் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும்வரை அந்த வாக்கியில் வேறு யாரும் நுழைய முடியாது. விசில் கத்தினாலும் தொண்டை கிழிந்தாலும் அவளுக்குக் கேட்காது.

இரண்டு பேர் சொல்கிறார்கள், விடு என்று. புருஷன் சொல்கிறார், மேலதிகாரி சொல்கிறார். விடாதே என்று சொல்வது திரையில் ஏறுகிற ஒரு எண்ணும் ஒரு குரலின் நடுக்கமும்தான். காற்று கேபினை ஒரு ஆட்டு ஆட்டியது. நெம்புகோலில் இருந்த விரல்கள் அவளுடையவை மாதிரியே இல்லை. விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. தப்பான பக்கம் இழுத்தாலும் பலகை சாயும். அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் அவர்.

மேனேஜர் மூச்சு வாங்கினார். வாக்கி ஒரு கணம் சும்மா இருந்தது.

அவள் பட்டனை நசுக்கினாள். சட்டமாவது, இங்கிலீஷாவது.

"என்னங்க! நிக்குதா, நிக்கலையா?"

"...க்கலை!" வாக்கி அறுந்து திரும்பியது. "...டாதே! விட்டுடாதே!"

"எந்தப் பக்கம் சாயுது?"

"...ச்சான் பக்கம்! கால் மாட்டிக்கிச்சு! இழு... கொஞ்சம், ஒரு நூல், அதுக்கு மேல வேண்டாம்!"

அவள் ஒரு நூல் இழுத்தாள். நெம்புகோலை நகர்த்தினாள் என்பதைவிட நினைத்தாள் என்று சொல்லலாம். திரையில் எண் ஏறியது. பட்டனை விடாமலே, "இன்னும்" என்றார். இன்னும் ஒரு நூல். "இன்னும்." இதற்கு மேல் போனால் பலகை மறுபக்கம் திரும்பி அவர் மேலேயே போகும் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் குரல் இருந்த இடத்திலிருந்து நகரவில்லை. "இன்னும் கொஞ்சம்... வருது, வருது... போதும்! நிறுத்து! புடிச்சுக்க! அப்படியே புடிச்சுக்க!"

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். வேறு பாஷை ஆட்களும் பின்கட்டை நோக்கி ஓடுவது கண்ணாடி வழியே எறும்பு மாதிரி தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் விசிலின் குரல், பாதி அழுகையோடு வந்தது.

"வெளிய எடுத்துட்டோம். உசுரு இருக்கு. பேசுறான்."

அவள் நெம்புகோலிலிருந்து கையை எடுக்கவில்லை. புது முட்டுக்கம்பிகள் வைத்து, வேறு இடத்தில் துளைபோட்டு முடுக்கி, பலகை உண்மையிலேயே நின்ற பிறகுதான் எடுத்தாள்.

போல்ட்டுக்குக் கணுக்கால் நொறுங்கியிருந்தது. தரைக் காங்கிரீட் ஒரு இடத்தில் சரியாக இறுகவில்லை. அங்கே போட்ட போல்ட் பிடிக்காமல் சும்மா சுற்றியிருக்கிறது. விசில் ஆட்டிப் பார்த்தபோது முட்டுக்கம்பி கையோடு வந்திருக்கிறது. அப்போதுதான் வாக்கியை எடுத்திருக்கிறார். அவர் சொல்லி முடிக்க, கயிறு தளர, கம்பி வழுக்க, போல்ட்டின் கால் சுவருக்கும் கம்பிக்கும் நடுவே சிக்க, எல்லாம் ஒரே மூச்சில் நடந்திருக்கிறது.

மேனேஜர் அவர்கள் இருவருடைய வாக்கியையும் வாங்கிப் பூட்டி வைத்தார். விசிலிடம், விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார். தான் காதால் கேட்டதை அவர் எப்படி மறுப்பார்? இரண்டு தடவையும் அவருக்கும் 'ஸ்டேபிள்' என்றுதான் கேட்டிருந்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், பச்சை பிளாஸ்டிக் நாற்காலிகளில், புருஷனும் பெண்டாட்டியும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே தம்பிக்கு ஆபரேஷன். தம்பி பெண்டாட்டி வந்து அழுதுவிட்டு, மருந்து வாங்கப் போயிருந்தாள்.

"நான் அன்ஸ்டேபிள்னுதான் சொன்னேன்" என்றார் விசில், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவள் ஆபரேஷன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ப மாட்டியா?"

"எனக்கு என்ன கேட்டுச்சோ அதைத்தான் செஞ்சேன். நீங்க வழக்கம்போல முழுங்கிட்டீங்க. அவசரத்துல முழுங்கிட்டீங்க." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "என் கையால என் தம்பியைக் கொல்ல வெச்சிருப்பீங்க."

"அப்படித்தான் இருக்கும் போல" என்றார் அவர். "சொன்னேன்னுதான் நினைக்கிறேன். ஆனா நாக்கை நம்ப முடியலை." பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்து தம்பியைப் பார்க்க விட்டார்கள். மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்தான். அவளைக் கண்டதும் முதலில் சொன்னது, "மாமாவைத் திட்டாதேக்கா."

"நீ பேசாம படு."

"நான் பக்கத்துலதானே இருந்தேன். அவர் சொன்னாரு. 'அன்'னு நல்லா அழுத்தித்தான் சொன்னாரு. ரெண்டாவது தடவை கத்தினாரு, எனக்குக் காதே அடைச்சிருச்சு."

மாமாவைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் சுபாவம் அப்படி. தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். ஆனால் அந்தப் பேச்சு கூடவே வந்தது. உட்கார்ந்து, காலையில் காதில் விழுந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக ஓட்டிப்பார்த்தாள். ஸ்டேபிள். ஸ்டேபிள். அப்புறம் நான் கேட்டேன், நிக்குதா நிக்கலையா என்று. அதற்கு அவர்...

சடக்கென்று நிமிர்ந்தாள்.

"என்னங்க, தமிழ்ல எனக்கு என்ன பதில் சொன்னீங்க?"

"நிக்கலைன்னேன். விடாதேன்னேன்."

"எனக்கு 'க்கலை'ன்னுதான் கேட்டுச்சு. 'டாதே'ன்னு கேட்டுச்சு. 'மச்சான் பக்கம்'னீங்களே, அது 'ச்சான் பக்கம்'னு வந்துச்சு."

அவர் கையை முகத்திலிருந்து எடுத்தார்.

"இங்கிலீஷ்லதான் நீங்க தலையை முழுங்குவீங்க" என்றாள் அவள். "தமிழ்ல ஒருநாளும் முழுங்கினது இல்லையே. 'நிக்கலை'யில 'நி' எங்க போச்சு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இடையில் இருந்த காலி நாற்காலிக்கு அவள் மாறி உட்கார்ந்தாள். முழுங்கினது அவரில்லை. அவசரத்தில் பட்டனை அழுத்தியவுடனே பேசினால், புது வாக்கி கண் விழிப்பதற்குள் முதல் எழுத்து பறந்துவிடுகிறது. தமிழில் பறந்தாலும் பாதகமில்லை. 'லை'யும் 'ஆதே'யும் வாலில் இருக்கின்றன, வந்து சேர்ந்துவிடும். இங்கிலீஷில் பறந்து போவதே அந்த 'இல்லை'தான். மிச்சம் வந்து சேர்வது நேர் எதிர்ச் சேதி.

மறுநாள் காலை இருவருமாக மேனேஜர் அறைக்குப் போனார்கள். வேலைக்கு வராதே என்று சொன்ன ஆளை வாசலில் பார்த்ததும் அவர் புருவம் சுருங்கியது. அவர்களுடைய இங்கிலீஷ் பத்தாது என்று கணக்கு எழுதும் டீச்சரைத் துணைக்குக் கூப்பிட்டாள். அவள் சொன்னதை டீச்சர் இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல, மேனேஜர் மறுபேச்சு பேசாமல் கேட்டார். பூட்டி வைத்த வாக்கிகளை எடுத்தார். ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டு, மற்றதை விசிலிடம் கொடுக்கவில்லை. தானே எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அறையில் மூன்று பேரும் மேஜைமேல் இருந்த வாக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். விசிலின் கை அவள் முந்தானையைப் பிடித்திருந்தது. அது அவருக்கே தெரியாது போல.

"ஸ்டேபிள்" என்றது மேஜை.

கொஞ்சம் பொறுத்து, "சேஃப்." பிறகு, "லாக்." பிறகு சற்று நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு தெளிவாக, முழுசாக, "அன்லாக்."

மேனேஜர் உள்ளே வந்தபோது டீச்சர் கேட்டதை அப்படியே சொன்னாள். அவர் நாலு தடவையும் 'அன்' போட்டுத்தான் சொல்லியிருக்கிறார். கடைசித் தடவை மட்டும் பட்டனை அழுத்தி ஒரு மூச்சு பொறுத்துப் பேசியிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து, வாக்கியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளை நேராகப் பார்த்து ஏதோ கேட்டார்.

"நான் விடு விடுன்னு கத்தினேனே, அப்பவும் நீங்க ஏன் விடலைன்னு கேக்குறாரு" என்றாள் டீச்சர்.

அவளுக்குத் தமிழிலேயே அதைச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்த இங்கிலீஷைத் தேடினாள். விசிலைக் கைகாட்டி, "ஹிஸ் வாய்ஸ்" என்றாள். "ஃபியர்."

மேனேஜர் தலையாட்டினார். எழுந்து விசிலிடம் வந்து கையை நீட்டினார். விசில் அதைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ரொம்ப நேரம் குலுக்கினார்.

அன்று மதியமே வேலையாட்களை எல்லாம் கூட்டினார்கள். தலையில் 'இல்லை' வைத்த எந்தச் சொல்லும் இனி வாக்கியில் வரக்கூடாது. நின்றால் 'ஸ்டேபிள்', நிற்காவிட்டால் 'ஹோல்ட்'. பட்டனை அழுத்திவிட்டு ஒரு மூச்சு பொறுத்துப் பேச வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆபத்து என்றால் எந்தப் பாஷையிலும் கத்தலாம்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள், "அன்னைக்கு கேன்டீன்ல நான் சிரிச்சிருக்கக்கூடாது" என்றாள்.

"சிரிப்பு வந்தா சிரிக்க வேண்டியதுதான்" என்றார் அவர். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஆனா ஆஸ்பத்திரியில சொன்னே பாரு, உன் கையால கொல்ல வெச்சிருப்பேன்னு. அதுதான் இன்னும் உள்ள இறங்கலை" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் விலக்கவில்லை.

பல நாள் விசில் வாக்கியைத் தொடவில்லை. வேறொருவர் சொல்ல, அவள் தூக்கினாள், இறக்கினாள். தம்பி ஊன்றுகோலோடு வீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளை மேய்த்தான். பிறகு ஒரு காலை அவராகவே ஆபீஸுக்குப் போய் வாக்கியை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்கு நடப்பதை மேலேயிருந்து பார்த்தாள்.

பலகை மாடிக்கு அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது. அவள் எடையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வாக்கியில் பச்சை விளக்கு எரிந்தது. அவர் பட்டனை அழுத்திவிட்டார், ஒரு மூச்சு பொறுக்கிறார். காற்றின் சத்தமும், தூரத்தில் யாரோ சுத்தியலால் தட்டுகிற சத்தமும் கேட்டன. அந்த ஒரு மூச்சு நேரமும் அவள் கண் திரையிலேயே இருந்தது.

"ஹோல்ட்" என்றார்.

"ஹோல்ட்" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, அவள் பிடித்துக்கொண்டாள்.